விரிபோணியும் ஒரு பரோக் இசைத்தட்டும்

அடையாற்றில் ஒரு நண்பர் வீட்டில்தான் ஸெலென்காவைக் கேட்டேன். பாக்கின் காலத்தவர். பொஹீமியாவில் பிறந்து, டிரெஸ்டன் அரசவையில் டபுள் பாஸ் வாசித்து, 1745இல் இறந்தவர். அவருடைய 6 ட்ரையோ ஸொனாட்டாக்கள் 1720களின் தொடக்கத்தவை. பரவலான கவனம் கிடைத்ததோ 1970களில், ஹைன்ஸ் ஹோலிகரும் சகாக்களும் வாசித்த இசைத்தட்டுகளுக்குப் பிறகு. இரண்டு ஓபோக்கள் ஒன்றையொன்று துரத்த, பஸூனும் ஈடுகொடுத்து ஓடுகிறது. பக்கவாத்தியமான ஹார்ப்ஸிகார்டுக்குத் தாளில் கீழ் ஸ்வரமும் சில எண்களும்தான். மற்றதை வாசிப்பவர் இட்டு நிரப்ப வேண்டும். தட்டில் ஒலிப்பது ஸெலென்கா மட்டுமல்ல, வாசித்தவர்களின் அனுமானமும்தான்.

அன்று மாலை மயிலாப்பூர் திரும்பியபோது, மாடவீதியில் ஒரு வீட்டு மாடியில் யாரோ வீணையில் விரிபோணி சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். பைரவி ராகம், 14 அட்சரம் கொண்ட அட தாளம். சிறு வயதில் நானும் பாடம் பண்ணிய வர்ணம். இயற்றியவர் யார் என்று அன்று நான் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை.

பச்சிமிரியம் ஆதியப்பய்யா 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்தவர். சியாமா சாஸ்திரி இவரிடம் பயின்றார் என்பது வழிவழிச் செய்தி. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியைத் தந்த சுப்பராம தீக்ஷிதர் இவரைத் தான வர்ண மார்க்கதர்சி என்றார்.

விரிபோணியில் ஸாஹித்யம் சொற்பம், ஸ்வரமே அதிகம். வாத்தியத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொன்று. சாதாரணப் பாடப் புத்தகங்களில் இரண்டுக்கும் ஒரே ‘த’தான். எங்கே எது, எவ்வளவு அசைப்பது என்பதெல்லாம் கைவழியாக வருவது. டிரெஸ்டன் தாளின் எண்கள் ஞாபகம் வந்தன. அங்கே வாசிப்பு அறுந்து தாள் மிஞ்சியது. இங்கே வாசிப்பு அறவில்லை. ஆள்தான் காணாமல் போனார்.

அதற்கு நாமும் காரணம். கச்சேரியில் வர்ணம் முதல் உருப்படி. சபாவில் நாற்காலி தேடுகிற நேரம். பழைய 78 சுழற்சித் தட்டின் மூன்று சொச்சம் நிமிஷத்தில் அட தாள வர்ணம் முழுசாக அடங்காது. நெடுந்தட்டும் காஸெட்டும் வந்து இடம் கிடைத்த பிறகும் நம் காது அதைத் தொடக்க உருப்படியாகவே வைத்திருந்தது.

இப்போது வீணைப் பதிவுகளில் விரிபோணியை மட்டும் தேடி, அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிறேன். தைவதத்தில் இரண்டு பாணிகள் பிரிகிற இடம் வந்தால் நிறுத்தி மறுபடி வைக்கிறேன். ஸெலென்காவுக்கு உட்கார்ந்த மாதிரி இவருக்கும் உட்கார வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வாதம் ஒன்றுமில்லை.