குடும்பக் கட்டுப்பாடு யாருடைய பொறுப்பு?

"ஆபரேஷன் பண்ணியாச்சா?" நம் ஊர்களில் குடும்பக் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. கேட்கப்படுபவர் எப்போதும் மனைவியே. கணவனும் மனைவியும் கலந்து எடுக்கவேண்டிய முடிவு, மனைவியின் உடலில் மட்டும் நிறைவேற்றப்படுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைக்கு உட்பட்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆணுக்கான சிகிச்சைதான் எளிது.

1952-இல் அரசு தொடங்கிய இத்திட்டம், 1975-77 நெருக்கடி நிலையில் ஆண்களை வலுக்கட்டாயமாகக் கருத்தடைக்கு இழுத்தது. அதன்பின் பாரம் முழுவதும் பெண்கள்மேல் இறங்கியது. 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த கருத்தடை முகாமைத் தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

திருச்சபை எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும் பெறச் சொல்கிறது என்று நம்மவரே பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. பிள்ளைகளின் நலன், குடும்ப நிலை, சமூகத்தின் தேவை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தம்பதியர் இருவரும் இறைவன் திருமுன் தாங்களே முடிவுசெய்யவேண்டும் என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. ஆனால் தக்க காரணம் இருந்தால் கருவுறா நாள்களைப் பயன்படுத்திப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கலாம் என்றார்.

இயற்கை முறை என்றதும் விரல்விட்டு நாள் எண்ணும் பழைய வழக்கம் நினைவுக்கு வரலாம். ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் மருத்துவத் தம்பதியர் வகுத்த முறை வேறு. கருப்பை வாயில் சுரக்கும் சளியின் மாற்றத்தைப் பெண் அன்றாடம் கவனிக்கிறார்; கருவுறும் நாள்களில் இருவரும் விலகியிருக்கிறார்கள். அந்த 'இருவரும்' என்பதில்தான் சிக்கல். "குடித்துவிட்டு வருகிறவரிடம் அட்டவணையைக் காட்ட முடியுமா, சாமி?" என்று பெண்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பெண்ணுக்கு மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, முறை தவறியதும் அவரையே கடிந்துகொள்வது சரியன்று.

ஆகவே திருமணத் தயாரிப்பு வகுப்பில், மணமகன் வெளியே தேநீர் குடிக்கப் போன நேரத்தில் இப்பாடத்தை முடித்துவிடக் கூடாது. இருவரையும் அருகருகே அமரவைத்து நடத்துவோம். அட்டவணையில் தினமும் குறித்துவைக்கும் வேலையை அவரிடமே கொடுக்கலாம்.