தலால் தெருவின் வாய்தா நாட்கள்

1865 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த பம்பாயின் பஞ்சு விலை மேலும் சரிந்தது. பஞ்சுப் பணத்தை நம்பி ஏறியிருந்த பங்குகளும் கூடவே இறங்கின. நகரத்து வியாபாரிகளை அன்றைய விலையைவிட ஒரு தேதிதான் அதிகம் பயமுறுத்தியது: ஜூலை 1.

இந்தியப் பங்குச் சந்தையில் காளைகளும் கரடிகளும் மோதிய கதை, பெரும்பாலும் இப்படிப்பட்ட தேதிகளின் கதை. விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறவர் காளை. இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாத பங்கைக்கூட விற்கிறவர் கரடி. பம்பாய்ப் பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவில் அவர்களைத் தேஜிவாலா, மந்திவாலா என்பார்கள். இருவருக்கும் பேரம் பேசும்போது பணமும் வேண்டாம், பங்கும் வேண்டாம். கணக்குத் தீர்க்கும் நாள் வரும்போதுதான் யாரிடம் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

1861-இல் போர் தொடங்கியதும் தென்மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை முற்றுகையிட்டது. அமெரிக்கப் பஞ்சை நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பக்கம் திரும்பின. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. அந்தப் பணத்தை இழுக்க வங்கிகள், நிதி நிறுவனங்கள், கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் கம்பெனிகள் எனப் புதிது புதிதாக முளைத்தன. பேக் பே நிலமீட்புக் கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு விலை போனது. 1860-இல் 60 பேராக இருந்த தரகர்கள், ஓரிரு ஆண்டுகளில் 200-ஐத் தாண்டினார்கள்.

பரபரப்பின் நடுவில் இருந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். 1831-இல் சூரத்தில் பிறந்து, பஞ்சிலும் பங்கிலும் கோலோச்சியவர். அவர் ஒரு கம்பெனியில் கைவைத்தார் என்றாலே அதன் பங்கு ஏறும். பாங்க் ஆஃப் பாம்பேயிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 1863-இல் அந்த வங்கிக்கான சட்டம் தளர்த்தப்பட்டு, பங்குகளை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க வழி பிறந்திருந்தது. ஏறிய பங்கைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனில் இன்னும் பங்கு வாங்கினார்கள். இதற்கு மேல் வாய்தா வியாபாரம் வேறு. இன்று விலை பேசிக்கொள்வது, பல மாதம் கழித்துக் கணக்குத் தீர்ப்பது.

அப்படிப் பேசிய பேரங்களில் ஏராளமானவை 1865 ஜூலை 1-இல் தீர வேண்டியவை. அந்த நாள் வந்தபோது வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை. அவரிடமிருந்து வர வேண்டிய தொகையை நம்பி வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தவரும் விழுந்தார். 2,850 ரூபாய் வரை போயிருந்த பாங்க் ஆஃப் பாம்பே பங்கை 87 ரூபாய்க்குத்தான் விற்க முடிந்தது. வங்கி 1868-இல் கலைக்கப்பட்டது. பிரேம்சந்தும் நொடித்துப்போனார். செழிப்பாக இருந்த காலத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த நன்கொடையில் எழுந்த ராஜாபாய் கோபுரம், அவருடைய தாயாரின் பெயரோடு இன்றும் நிற்கிறது.

அடிபட்ட தரகர்கள் மெல்லத் திரண்டார்கள். டவுன் ஹால் எதிரே ஆலமர நிழலில் கூடிக்கொண்டிருந்தவர்கள், 1874-இல் இன்றைய தலால் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு 318 உறுப்பினர்களோடு, ஆளுக்கு ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணத்தில் சங்கம் அமைந்தது. பம்பாய்ப் பங்குச் சந்தை என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான்.

வாய்தாப் பழக்கம் மட்டும் போகவில்லை. 1969-இல் அரசு முன்பேர வணிகத்தைத் தடை செய்த பிறகும் 'பத்லா' என்ற பெயரில் அது வாழ்ந்தது. பங்கு வாங்கியவரிடம் கெடு நாளில் பணம் இல்லையென்றால், வட்டி மாதிரி ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிக்கொள்ளலாம். விற்றவரிடம் பங்கு இல்லாமல் தட்டுப்பாடு வந்தால், அவர் அப்படி ஒரு தொகையை வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு 'உந்தா பத்லா' என்று பெயர்.

அந்த உந்தா பத்லாதான் 1982-இல் கரடிகளின் கழுத்தை இறுக்கியது. மார்ச் 18 அன்று கல்கத்தாவைச் சேர்ந்த கரடிக் கூட்டம் ஒன்று அரை மணி நேரத்தில் சுமார் மூன்றரை லட்சம் ரிலையன்ஸ் பங்குகளை விற்றுத் தள்ளியது. 131 ரூபாயாக இருந்த விலை 121-க்கு வந்தது. கம்பெனி தன் பங்கைத் தானே வாங்கச் சட்டம் அன்று இடம் தரவில்லை. ஆனால் ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானிக்கு வேண்டிய தரகர்கள் விற்க விற்க வாங்கினார்கள். ஏப்ரல் 30, கணக்குத் தீர்க்கும் வெள்ளிக்கிழமை. 'பங்கைக் கொடு' என்றார்கள். கரடிகளிடம் பங்கு இல்லை. தவணை கேட்டபோது, பங்குக்கு 25 ரூபாய் உந்தா பத்லா கேட்கப்பட்டது. பேச்சு முறிந்து, சந்தையை மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று. நாட்டின் பல ஊர்களில் ரிலையன்ஸ் பங்கைத் தேடி அலைந்தார்கள். மே மாதத்தில் விலை 200 ரூபாயைத் தொட்டது.

பத்தாண்டுகள் கழித்துக் காளையின் முறை வந்தது. தரகர் ஹர்ஷத் மேத்தா கரடிகளைச் சமாளிக்க வங்கிப் பணத்தையே பயன்படுத்தினார். அரசுக் கடன் பத்திரங்களை வாங்கித் தருவதாக வங்கிகளிடம் பெற்ற தொகை பங்குச் சந்தைக்குள் போனது. சுமார் 200 ரூபாயாக இருந்த ஏசிசி சிமென்ட் பங்கு 9,000 ரூபாய் வரை ஏறியது. 1992 ஏப்ரல் 23-இல் பத்திரிகையாளர் சுசேதா தலால் முறைகேட்டை வெளிக்கொண்டுவந்தார். ஐந்தே நாளில், ஏப்ரல் 28 அன்று, பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. அதே ஆண்டு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்குச் சட்டபூர்வ அதிகாரம் கிடைத்தது. 1993-இல் பத்லாவை செபி தடுத்தது. சில ஆண்டுகளில் அது மாற்றங்களோடு திரும்பி வந்தது.

அதற்கு விலை கொடுத்தது 2001. தரகர் கேத்தன் பரேக் தூக்கி நிறுத்திய தொழில்நுட்பப் பங்குகளைக் கரடிகள் அடித்தபோது, அவருக்குக் கடன் கொடுத்திருந்த அகமதாபாத் மாதவ்புரா கூட்டுறவு வங்கியின் பே ஆர்டர்கள் பணமாகாமல் திரும்பின. பங்கு என்றால் என்னவென்றே தெரியாத சிறு சேமிப்பாளர்கள் அந்த வங்கி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். சந்தைச் சூதில் பிறர் பணம் எரிந்த இந்த வழக்கத்துக்கு 1865-லேயே முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். 2001 ஜூலை 2-இல்தான் பத்லா ஒழிந்தது. தவணை தவணையாகத் தள்ளிய கணக்கு, சில நாட்களில் தீரும் முறைக்கு மாறியது. 2023 ஜனவரி முதல் மறு வேலை நாளிலேயே தீர்கிறது.

ஆனால் பத்லா போன அதே ஆண்டு நவம்பரில், தனிப் பங்குகளுக்கான ஃபியூச்சர்ஸ் வணிகம் தொடங்கியது. இன்று வாய்தா வியாபாரம் கைப்பேசியில் நடக்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று பெயர், குறியீட்டு ஆப்ஷன்ஸில் காலாவதி நாள் வாரா வாரம்கூட வரும். இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் பணம் இழந்ததாகவும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. நஷ்டப்பட்டவர்களில் இளைஞர்களும் ஏராளம் என்பதால், இதை அவரவர் விதி என்று விட்டுவிட முடியாது. 2024 நவம்பர் முதல் ஒரு சந்தைக்கு ஒரே ஒரு குறியீட்டுக்கு மட்டும் வாராந்தரக் காலாவதி என்றும், புதிய ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய் என்றும் செபி விதியை இறுக்கியிருக்கிறது.