ஸ்பார்க் பிளக் வரலாறு: வடிவ மாற்றங்களும் எஞ்சின் திறனும்

பெட்ரோல் எஞ்சினின் எரி அறைக்குள் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கும் சிறு கருவி ஸ்பார்க் பிளக் ஆகும். தமிழில் இது தீப்பொறிச் செருகி எனப்படுகிறது. பிளக்கை மாற்றினால் கார் வேகமெடுக்கும், பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடம் நெடுங்காலமாக உண்டு. உண்மையில் பிளக் தானாக ஆற்றல் எதையும் தருவதில்லை. ஆற்றல் பெட்ரோலில்தான் இருக்கிறது. ஆயினும் பிளக்கில் நிகழ்ந்த சில மாற்றங்கள் எஞ்சினின் போக்கையே திருப்பின. வேறு சில வெறும் விளம்பரமாக முடிந்தன. இரண்டையும் பிரித்தறிய அதன் வரலாறு உதவுகிறது.

தொடக்க காலம்

1860-ல் பாரிசில் எத்தியேன் லெனுவார் உருவாக்கிய வாயு எஞ்சினிலேயே மின்பொறி பயன்பட்டது. கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியும் மின்பொறியால் ஓடியது. ஆனால் டைம்லரின் தொடக்க கால எஞ்சின்களில் சூடேற்றிய குழாய் ஒன்றே கலவையைப் பற்றவைத்தது. எரிதல் எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்பதை இம்முறையில் நினைத்தபடி மாற்ற முடியாது. அதனால் எஞ்சினின் வேகமும் குறைவாகவே இருந்தது.

1895 வாக்கில் பிரான்சின் தெ தியோன்-பூத்தோன் நிறுவனம் மின்கலம், சுருள், பிளக் ஆகியவற்றைக் கொண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளுக்கு மேல் ஓடும் சிறு எஞ்சினை உருவாக்கியது. 1902-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனப் பொறியாளர் காட்லோப் ஹோனோல்டின் உயர் மின்னழுத்த மேக்னெட்டோ காப்புரிமை பெற்றது. அதன்பின் பிளக் வழிப் பற்றவைப்பே கார்களில் பொது முறையாகியது. பிளக் எஞ்சினின் திறனைக் கூட்டியது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க முதற்கட்டம் இதுவே. தீப்பொறியின் நேரம் மனிதனின் கைக்கு வந்தது.

காப்புப் பொருளும் வெப்பமும்

பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் எஞ்சினின் அழுத்த விகிதம் உயர்ந்தபோது பழைய பீங்கான் காப்புகள் வெப்பம் தாங்காமல் விரிசல் கண்டன. பிரிட்டன் பந்தய ஓட்டுநர் கெனெல்ம் லீ கின்னஸ் மைக்காவைக் காப்பாகக் கொண்ட பிளக்கை உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய கே.எல்.ஜி. பிளக்குகள் முதல் உலகப்போரில் விமான எஞ்சின்களில் பயன்பட்டன.

1923-ல் அமெரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எஞ்சினில் தட்டல் குறைந்ததால் அழுத்த விகிதத்தை மேலும் உயர்த்த முடிந்தது. ஆனால் ஈயப் படிவு பிளக்கின் மீது படிந்து, மின்சாரம் கசிந்து தீப்பொறி தவறியது. 1930-களில் பரவத் தொடங்கிய அலுமினாப் பீங்கான் இச்சிக்கலைப் பெருமளவு தணித்தது.

இக்காலத்தில் தெளிவுபெற்ற மற்றொரு கருத்து வெப்ப எண். பிளக்கின் முனை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 900 டிகிரியை எட்டினால் தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றும். ஆகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் பொருத்தமான வெப்ப எண் கொண்ட பிளக் தேவை. பந்தயக் காருக்கான பிளக்கைச் சாதாரணக் காரில் பொருத்தினால் வேகம் கூடாது, கரிதான் படியும்.

இடைவெளி

மின்முனைகளுக்கு இடையிலான இடைவெளி கூடினால் தீப்பொறி நீளும். மெலிந்த கலவையும் எளிதில் பற்றும். ஆனால் அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவை. 1970-களின் நடுவில் மின்னணுப் பற்றவைப்பு பரவியபோது, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்கள் சிலவற்றில் இடைவெளியை 1.5 மி.மீ. வரை விரித்தது. பின்னர் அதுவே சுமார் 1.1 மி.மீ.க்குக் குறைக்கப்பட்டது. சுருளின் வலிமையை மீறி இடைவெளியை விரித்தால், அதிக மின்னழுத்தம் தேவைப்படும் முழுச்சுமை வேளையில் தீப்பொறி தவறும். தேய்ந்து விரிந்த இடைவெளியைச் சரிசெய்தால் ஓட்டம் மேம்படுவதும் இதனால்தான். அது இழந்த திறனை மீட்பதே தவிர, புதிதாகத் திறனைச் சேர்ப்பதன்று.

மின்முனை வடிவங்கள்

பிளாட்டினம், இரிடியம் ஆகியவை உருகுநிலை உயர்ந்த உலோகங்கள். இரிடியம் முனையை 0.4 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக்கலாம். மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே தீப்பொறி எழும். இளஞ்சுடரின் வெப்பத்தை முனை உறிஞ்சுவதும் குறையும். ஆயினும் நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் இதனால் கிடைக்கும் முதன்மைப் பயன் நீண்ட ஆயுளே.

அமெரிக்காவில் விற்பனையான ஸ்பிளிட்ஃபயர் பிளக்கின் மின்முனை கவைபோல் பிளந்திருந்தது. அது எரிபொருளை மிச்சப்படுத்தும், குதிரைத்திறனைக் கூட்டும் என விளம்பரம் செய்யப்பட்டது. போதிய சான்றின்றி இவ்வாறு கூறியதாக அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990-களின் பிற்பகுதியில் நடவடிக்கை எடுத்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

இரட்டை பிளக்

சுடர் பிளக்கிலிருந்து புறப்பட்டு எரி அறை முழுதும் பரவச் சிறிது நேரம் ஆகும். இரு பிளக்குகள் இருந்தால் சுடர் கடக்கும் தொலைவு குறைந்து, எரிதல் விரைவாகும். இத்தாலியின் ஆல்பா 1914-லேயே தன் பந்தயக் காரில் இம்முறையைக் கையாண்டது. 1987-ல் ஆல்பா ரோமியோ 75 காரில் அது மீண்டும் வந்தது.

இந்தியாவில் 2003-ல் பஜாஜ் தன் பல்சர் பைக்குகளில் இரட்டை பிளக் முறையை அறிமுகப்படுத்தியது. 2007-ல் ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ். இரு பிளக்குகள் கொண்ட ஃபிளேம் பைக்கைக் கொண்டுவர முயன்றபோது, காப்புரிமை வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை வந்ததும், டி.வி.எஸ். அதே பைக்கை ஒற்றை பிளக்குடன் விற்பனைக்கு விட்டது. 2009-ல் அத்தடை நீங்கியது. 2019-ல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

முடிவுரை

பிளக்கால் எஞ்சின் மேம்பட்ட இடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். தீப்பொறியின் நேரம், அழுத்த விகிதம், எரிபொருள், எரி அறையின் அமைப்பு ஆகியவற்றோடு பிளக்கும் சேர்ந்து மாறியபோதே பயன் கிடைத்தது. மற்றவை மாறாதிருக்க, பிளக்கின் முனையை மட்டும் மாற்றியபோது பயன் மிகச் சிறியதாகவே இருந்தது. ஆகவே எஞ்சினைத் தயாரித்தவர் குறித்த வகை, வெப்ப எண், இடைவெளி ஆகியவற்றைப் பேணுவதே கார் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் உறுதியான ஆதாயம் எனலாம்.