கழுத்து வரிகளும் ஃபில்லர் ஊசியும்: வேளச்சேரியை முன்வைத்து

சென்னை வேளச்சேரியின் நூறடிச் சாலையிலும் விஜயநகரைச் சுற்றிய தெருக்களிலும் ஸ்கின் கிளினிக்குகள் பெருகிவிட்டன. தரமணி, ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்போர் குடியேறிய பகுதி இது. அவர்களின் ஊதியத்தை நம்பியே இத்தொழிலும் வளர்ந்தது. முகச் சுருக்கங்களை நிரப்பவென்று வந்த ஃபில்லர் ஊசி இன்று கழுத்துக்கும் போடப்படுகிறது. கழுத்தில் இந்த ஊசிக்கு உரிய இடம் மிகச் சிறியது. கழுத்தில் தெரியும் மாற்றத்தின் காரணத்தைக் கண்டறியாமல் அந்த இடத்தை வகுக்க முடியாது என்பதே என் வாதம்.

ஃபில்லர்களில் பரவலாகப் பயன்படுவது ஹையலூரோனிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். நம் தோலிலேயே இருக்கும் இப்பொருள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் விரைவில் சிதைந்துவிடும். அதன் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்ற இவ்வகை ஃபில்லருக்கு அனுமதி அளித்தது, மூக்கோரம் தொடங்கி வாயோரம் வரை விழும் மடிப்பு போன்ற முகச் சுருக்கங்களுக்காக. அதாவது, இத்துறையின் அனுபவம் பெரும்பாலும் முகத்தில் திரண்டது.

கழுத்தின் அமைப்பு வேறு. அங்கே தோல் மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அடியில் பிளாட்டிஸ்மா தசை ஓயாமல் அசைகிறது. முகத்துக்கான கெட்டியான ஹையலூரோனிக் ஜெல்லைக் கழுத்தில் மேலாகச் செலுத்தினால் முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஒளி சிதறும் டிண்டால் விளைவால் நீலச் சாயலும் தட்டும். எனவே மென்மையான ஜெல்லைத் துளித்துளியாக வைக்கிறார்கள், அல்லது கால்சியம் ஹைட்ராக்சிஅப்படைட்டை நீர்க்கச் செய்து கொலாஜனைத் தூண்டப் பார்க்கிறார்கள். முன்னதைப் பிழை நேர்ந்தால் ஹையலூரோனிடேஸ் நொதியால் கரைத்துவிடலாம். பின்னதற்கு அந்த வசதி இல்லை. ஊசி போட்டுக்கொள்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது.

இனி, எந்த வரிக்கு ஊசி? குறுக்கே ஓடும் வரிகள் பலருக்கு இளமையிலிருந்தே உள்ளவை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் கழுத்தைப் பாருங்கள்: இளமை ததும்பும் உடலில் அந்த வரிகளை ஸ்தபதி வேண்டுமென்றே பொறித்திருக்கிறார். சங்குக் கழுத்தின் இலக்கணம் அது. அதே வரியை இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் மூப்பின் அடையாளம் என்று சொல்லி விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நடுவயதில், வெயிலிலும் கொலாஜன் இழப்பிலும் நொய்ந்த தோலில் ஆழ்ந்து பதிந்த குறுக்கு வரியே ஃபில்லருக்குப் பொருத்தமானது. நெடுக்காகப் புடைக்கும் நரம்பு போன்ற பட்டைகள் தசையால் வருபவை. அவற்றுக்கு பொட்டுலினம் ஊசி உதவலாம். தொங்கும் சதைக்கு அறுவை சிகிச்சையே வழி.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊரில் கவனிக்க வேண்டியது கழுத்துக் கருமை. தடித்து, மடிப்பு மடிப்பாக, வெல்வெட் போலக் கறுக்கும் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸை அழுக்கென்று எண்ணித் தேய்ப்போரும் உண்டு, வயதென்று எண்ணுவோரும் உண்டு. இன்சுலின் எதிர்ப்பு, உடல் பருமன் ஆகியவற்றோடு இது நெருங்கிய தொடர்புடையது. சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு என்று 2023-இல் வெளியிட்டது. இப்படிப்பட்ட நாட்டில், கறுத்துத் தடித்த கழுத்தோடு வருபவருக்குச் சர்க்கரைப் பரிசோதனை எழுதாமல் ஊசியை எடுப்பது மருத்துவக் கடமையைத் தவறவிடுவதே. மாநிறத் தோலில் ஊசிக் காயமே புதிய கருமையை விட்டுச்செல்லவும் கூடும்.

ஃபில்லர் ஊசியை அழகுக்கான சேவையாகவே பார்க்கும் மனப்பான்மைக்கு ஜி.எஸ்.டி.யும் துணைபோகிறது: நோய்க்கான சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு, பிறவிக் குறையையோ காயத்தையோ சீர்செய்யும் தேவை இல்லாத அழகு அறுவை சிகிச்சைக்கு இல்லை. வரி பிரிக்கலாம், ஆபத்து பிரிவதில்லை. 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தது இதற்குச் சான்று. உடலுக்குள் செலுத்தும் ஃபில்லரும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவச் சாதனங்களுக்கான சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவுசெய்ய 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அந்தப் பதிவின் ஆய்வில் இரண்டைக் கட்டாயமாக்கலாம்: ஃபில்லர் போடும் அறையில் ஹையலூரோனிடேஸ் கையிருப்பு, செலுத்திய பொருளின் பெயர், தொகுதி எண், அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஊசி போட்டுக்கொண்டவரிடமே கொடுக்கும் சீட்டு.