சுவடிக்கூடத்திற் பயின்ற மாணாக்கர்

பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவிமடங்களின் சுவடிகள் அரசின் உடைமையாயின. அவற்றை வாசிக்கவல்ல துறவியறிஞர் மரபோ மடங்களோடு அற்றுப்போயிற்று. இக்குறையை நீக்குதற்பொருட்டு 1821 இல் பதினெட்டாம் லூயி மன்னனின் ஆணைப்படி பாரிசில் ‘எக்கோல் தே ஷார்த்’ என்னும் கல்லூரி தோன்றிற்று. முதற்கண் சேர்ந்த மாணாக்கர் பன்னிருவர். அரச நூலகத்திலும் சுவடிக்கூடத்திலும் மூலப் பத்திரங்களைக் கொண்டே பழைய எழுத்துக்களை வாசிக்கப் பயின்றனர். விரிவுரைக் குறிப்புக்களை மனனஞ்செய்து தேறத்தக்க கல்வியன்று அது.

எனினும் 1823 அளவில் வகுப்புக்கள் நின்றுபோயின. பயின்றோர்க்கு ஏற்ற பதவிகள் இருக்கவில்லை. (பட்டதாரிகளாகப்போகும் நமக்கு இக்கதை புதிதன்று.) 1829 இல் கல்லூரி புத்துயிர் பெற்றது.

ஒரு நிறுவனத்தின் சுவடிகளைப் பிறவற்றோடு கலவாது ஒருசேர வைத்தல் வேண்டுமென 1841 ஆம் ஆண்டின் அரச சுற்றறிக்கை விதித்தது. சுற்றறிக்கையை எவரும் வாசிக்கலாம். ஆனால், குலைந்து கிடக்கும் கட்டொன்றில் எத்தாள் எம்மடத்திலிருந்து வந்ததெனக் காண்பதற்கு, முத்திரையிலும் கையெழுத்திலும் பழகிய கண் வேண்டும். அத்தகையோரைத் தரவல்லதாயிருந்தது இக்கல்லூரியே. மாவட்டச் சுவடிக்காப்பாளரை இதன் மாணாக்கரிலிருந்தே தெரிதல் வேண்டுமென 1850 இல் ஆணை பிறந்தது. கல்லூரி நிலைபெற்றமைக்கு இவ்வாணையே தலையாய காரணம் என்பது எமது துணிபு.