ஏக்கருக்கு 5 கியாட்



போன மாதப் பேச்சில் நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். நான் கணக்கு எழுதுகிறவன், சரித்திரம் படித்தவன் அல்ல. இந்தச் சரித்திரமும் எனக்கு ஒரு ரசீது வழியாகத்தான் வந்தது.

எங்கள் மிங்கலாடோனில் உள்ள அவுங் மிங்கலா பஸ் நிலையத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வடக்கே போகும் ராத்திரி பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படும். 2013 பிப்ரவரியில் அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மோன்யுவா பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு விவசாயி என் கையிலிருந்த கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "ஸயா, இதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். கூட்டினேன். கூட்டல் சரியாகவே இருந்தது. பயிர் நஷ்டத்துக்கு லட்சக்கணக்கில் ஒரு தொகை. நிலத்துக்கோ, ஒரு டீ கூட வாங்க முடியாத சில்லறை!

அவர் ஊர் சின்ட்வின் ஆற்றுக்கு மேற்கே, லெப்பதாங் மலையடிவாரம். மலையில் செம்பு இருக்கிறது. ராணுவத்துக்குச் சொந்தமான யூனியன் ஆஃப் மியான்மர் எகனாமிக் ஹோல்டிங்ஸும் சீனாவின் வான்பாவ் நிறுவனமும் 2010இல் ஒப்பந்தம் போட்டன. சுரங்கத்துக்கென்று 7,800 ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. மூன்று வருஷ விளைச்சலைக் கணக்கிட்டுப் பயிர்ப் பணம் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் நிலம் திரும்பி வரும் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகப் பல விவசாயிகள் பிறகு கூறினார்கள். நிலத்தின் விலை, நில வரியின் 20 மடங்கு. வரியே சில்லறை என்றால் அதன் 20 மடங்கு மட்டும் என்ன ஆகிவிடும்? ஏக்கருக்கு 5 கியாட் முதல் 80 கியாட் வரை.

இதற்கு ஆதாரமான சட்டம் 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதே சட்டம் இந்தியாவில் 2013 முடியும்வரையிலும், மியான்மரில் 2019 வரையிலும் உயிரோடு இருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் எழுதிய வாய்பாடு போகவில்லை.

நமக்கு இது புரியும். 1964இல் எங்கள் பெரியப்பாவின் கடையை நாட்டுடைமையாக்கினார்கள். அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவிப்பு வந்தது. கப்பலேறப் போன பெரியம்மாவின் தோடு துறைமுகத்தில் போயிற்று. ரசீதுகூடக் கிடையாது. அப்பா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வயல்கள் கைமாறி, 1937இல் அது நூற்றுக்கு 25 ஆனது. அங்கும் பேரேடு சரியாகத்தான் இருந்தது. வயலை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்தப் பேரேடு எப்படித் தெரிந்திருக்கும் என்று நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

லெப்பதாங்குக்கு வருகிறேன். நான் அந்த விவசாயியைப் பார்ப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2012 நவம்பர் 29 விடியற்காலையில், போராட்ட முகாம்களைப் போலீஸ் கலைத்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளால் நூறு பேருக்கு மேல் காயம். பெரும்பாலோர் பிக்குகள். ஆங் சான் சூ சி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். அது 2013 மார்ச்சில், குறைகளைத் திருத்திச் சுரங்கத்தைத் தொடரலாம் என்றது. அவர் ஊருக்கு வந்தபோது அதே மக்கள் அவர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார்கள். அந்த வருஷமே ஒப்பந்தம் மாறியது: அரசுக்கு 51 சதவீதம், வான்பாவுக்கு 30, ராணுவ நிறுவனத்துக்கு 19. இந்தப் பங்கீட்டில் கிராமத்துக்கென்று ஒரு பத்தி இல்லை. 2014 டிசம்பர் 22 அன்று, வேலி போட வந்தவர்களைத் தடுத்த கூட்டத்தில் ஒரு விவசாயப் பெண்மணி போலீஸ் குண்டுக்குப் பலியானார். 2016இல் செம்பு வரத் தொடங்கியது.

அந்த விவசாயியிடம் "கூட்டல் சரி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் பர்மா நில வரி ரசீதோ, கடைப் பேரேடோ இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த பேச்சில் அவற்றை வைத்தே பேசலாம்.