தக்காவி முதல் பங்குரிமை வரை: நிலப் பாதுகாப்புக்கான நிதியின் வரலாறு

வருவாய்த்துறையின் பழைய ஆவணங்களைப் படிப்போர் ‘தக்காவி’ என்னும் சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். உழவருக்கு அரசு அளிக்கும் முன்பணக் கடனை இச்சொல் குறிக்கிறது. வலிமை எனப் பொருள்படும் அரபு வேரிலிருந்து பிறந்து, பாரசீக ஆட்சிமொழியின் வழியாக இந்திய மொழிகள் பலவற்றுள் புகுந்த சொல் இது. வலுவூட்டுதல் என்பதே இதன் அடிப்பொருள். நிலத்துக்கு வலுவூட்ட ஆகும் செலவை யார் ஏற்பது, அதனால் விளையும் பயனை யார் பெறுவது என்னும் இரு கேள்விகளுக்கு இந்தியாவில் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்றை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம்: கடன், தடை, பங்கு.

முதலாவது கடன். வறிய உழவருக்கு முன்பணம் தந்து உதவ வேண்டும், அதனைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற வேண்டும் என்று வரி அலுவலருக்கு அறிவுறுத்துகிறது அக்பர் காலத்து நூலான ஆயினி அக்பரி. இவ்வழக்கத்துக்குக் காலனிய அரசு சட்ட வடிவம் தந்தது. 1870களின் கொடும் பஞ்சங்களுக்குப் பின் 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும், அதற்கு அடுத்த ஆண்டில் உழவர் கடன் சட்டமும் இயற்றப்பட்டன. 1883ஆம் ஆண்டுச் சட்டம் ‘மேம்பாடு’ எனக் கொள்ளும் பணிகளின் பட்டியலில் கிணறு, குளம் ஆகியவற்றோடு, வெள்ளத்திலிருந்தும் நீரின் அரிப்பிலிருந்தும் விளைநிலத்தைக் காக்கும் பணிகளும் இடம்பெற்றுள்ளன. மண்காப்புக்கென அரசுப் பணம் தரப்படுவதற்கு இந்தியச் சட்டத்தில் கிடைக்கும் தொடக்கச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. திருப்பிச் செலுத்துவதற்குச் சாதாரணமாக 35 ஆண்டுகள் வரை தவணை அளிக்கலாம் என்பது விதி. ஆனால் தவணை தவறினால், நிலவரி பாக்கியை வசூலிக்கும் முறையிலேயே அக்கடனும் வசூலிக்கப்படும்.

இச்சட்டத்தின் அடியில் ஓர் எண்ணம் உறைந்திருந்தது. மேம்பாட்டின் பயன் முழுவதும் கடன் பெற்றவரின் வயலுக்குள்ளேயே விளையும், அவ்விளைச்சலிலிருந்தே கடனும் அடையும் என்பதே அது. கிணற்றுக்கு இக்கணக்கு பொருந்தும். மண்ணரிப்புக்குப் பொருந்தாது. மேட்டில் இருப்பவர் மண்ணைக் காத்தால் பள்ளத்தில் இருப்பவர் பயன்பெறுவார். மேட்டில் காக்கத் தவறினால் பள்ளத்து வயலில் மணல் மூடும். ஒருவர் செலவிடப் பிறர் பயனடையும் இந்நிலைக்குத் தனிநபர் கடனில் இடமில்லை.

பஞ்சாபின் சிவாலிக் மலையடிவாரத்தில் இச்சிக்கல் கண்கூடாக வெளிப்பட்டது. மழைக்காலத்தில் மட்டும் சீறிப் பாய்ந்து, சமவெளி வயல்களின்மேல் மணலைக் கொட்டிச் செல்லும் காட்டாறுகளை அங்கே ‘சோ’ என்பர். 1900ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலத் தலைப்பிலேயே இந்த வட்டாரச் சொல் இடம்பெற்றிருந்தது. மேட்டு நிலங்களில் மேய்ச்சலையும் மரம் வெட்டுதலையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அச்சட்டம் அரசுக்கு அளித்தது. இது இரண்டாவது விடை. பள்ளத்து நிலத்தின் நன்மைக்காக மேட்டில் வாழ்வோர் தம் மேய்ச்சலைத் துறக்க வேண்டும். இத்தகைய தடைகள் ஏட்டில் இருந்தும், அம்மலைச் சரிவுகளில் ஆடுகளின் மேய்ச்சலும் மண்ணரிப்பும் முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் ஓயவில்லை.

மூன்றாவது விடை அதே மலையடிவாரத்திலிருந்துதான் கிடைத்தது. சண்டிகர் நகருக்காக 1958இல் ஒரு சோவின் குறுக்கே அணை கட்டி சுக்னா ஏரி உருவாக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கும் மேல் வண்டல் நிரம்பியது. மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் சண்டிகர் மையத்துக்குத் தலைமை வகித்த பி. ஆர். மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் வண்டலின் மூலத்தைத் தேடிச் சென்றனர். நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஒரு சிறு பரப்பிலிருந்தே பெரும்பங்கு மண் வருவது தெரிந்தது. அங்கே இருந்தது சுகோமாஜ்ரி என்னும் சிற்றூர். கால்நடை வளர்க்கும் குஜ்ஜர் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. சுற்றியிருந்த சரிவுகள் வனத்துறைக்கு உரியவை.

ஆய்வுக்குழு முதலில் வழக்கமான பணிகளையே செய்தது. ஓடைகளில் தடுப்புகள் எழுப்பியது, மரக்கன்றுகள் நட்டது, மேய்ச்சலைக் கைவிடுமாறு ஊராரை வேண்டியது. ஊரார் இணங்கவில்லை. நகரத்து ஏரிக்காகத் தம் ஆடுகளைக் கட்டிப்போட அவர்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. 1976இல் மண்ணைத் தடுத்து நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட மண்ணணையில் மழைநீர் தேங்கியது. வறட்சியில் வாடிய பயிருக்கு அந்நீர் பாய்ந்தபோதுதான் நிலைமை மாறியது. அணையின் பயன் முதன்முறையாக ஊருக்குள் வந்தது. தொடர்ந்து மேலும் சில அணைகள் கட்டப்பட்டன. ஃபோர்டு அறக்கட்டளையும் நிதி வழங்கியது.

அப்போது எழுந்த பூசல்தான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அணைநீர் எட்டும் வயல்களை உடையோர் பயன்பெற்றனர். நீர் எட்டாத நிலம் உடையோருக்கும் நிலமற்றோருக்கும் ஒன்றும் கிட்டவில்லை. ஆனால் மேய்ச்சலைத் துறக்குமாறு எல்லாரும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பயன் பெறாதோர் ஒத்துழைக்க மறுத்தனர். இறுதியில், நிலம் இருப்பினும் இல்லாவிடினும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று முடிவாயிற்று. நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கவும் செய்யலாம். இந்தியப் பாசன வரலாற்றில் நீர்ப்பங்கு பெரும்பாலும் நிலத்தோடு பிணைந்தே வந்துள்ளது. இங்கே அது காப்புப் பணியில் பங்கேற்பதோடு பிணைக்கப்பட்டது. முள்வேலியோ காவலரோ இன்றி ஊரே சரிவைக் காத்தது. இதனைச் ‘சமூக வேலி’ என்று அழைத்தனர்.

சரிவில் புல் தழைத்தது. கயிற்றுக்கும் காகிதத்துக்கும் பயன்படும் பாபர் புல்லை அறுக்கும் உரிமையை வனத்துறை அதுவரை ஒப்பந்தக்காரர்களுக்கு ஏலம் விட்டுவந்தது. பின்னர் ஊரார் அமைத்த மலைவள மேலாண்மைச் சங்கத்துக்கே அதனைக் குத்தகைக்கு விட்டது. ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின, பால் விற்பனை வளர்ந்தது. அப்பகுதியிலிருந்து ஏரிக்குச் சென்ற வண்டல் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக ஆய்வுகள் பதிவு செய்தன.

இங்கு நிதி செய்த வேலையைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அணை கட்டியது வெளியிலிருந்து வந்த மானியம். சரிவைக் காத்தது அம்மானியம் அன்று; நீரிலும் புல்லிலும் கிடைத்த பங்குரிமை. மானியம் தொடக்கத்தை மட்டுமே தந்தது.

இப்பாடத்தின் ஒரு பகுதி தேசியக் கொள்கைக்குள்ளும் நுழைந்தது. மேற்கு வங்கத்தின் ஆராபாரியோடு சுகோமாஜ்ரியும், கூட்டு வன மேலாண்மை குறித்த மத்திய அரசின் 1990ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஹனுமந்த ராவ் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1995இல் நடைமுறைக்கு வந்த நீர்வடிப்பகுதி வழிகாட்டு நெறிகள், பயனாளிகளின் பங்களிப்பைக் கொண்டு ஊர்தோறும் ஒரு மேம்பாட்டு நிதியை உருவாக்குமாறு கூறின. திட்டம் முடிந்த பின்னும் பராமரிப்பு தொடர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எனினும் பங்கு முழுமை பெறவில்லை. புல் குத்தகையின் விதிகளை வகுக்கும் அதிகாரம் வனத்துறையிடமே இருந்தது. ஏரியில் வண்டல் குறைந்ததால் பெரும்பயன் அடைந்தது சண்டிகர். ஆனால் அந்நகரம் சுகோமாஜ்ரிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தும் ஏற்பாடு உருவாகவில்லை. பிற்காலத்தில் அணைகளிலேயே வண்டல் படிந்தபோது, தூர்வாரும் செலவு யாருடையது என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

இன்றைய விவாதங்களை இப்பின்னணியில் வைத்துப் படிக்கலாம். 2023 அக்டோபரில் மத்திய அரசு பசுமைக் கடன்மதிப்பு விதிகளை அறிவித்தது. 2024 பிப்ரவரியில் வெளியான நெறிமுறையின்படி, சீரழிந்த வன நிலத்தை வனத்துறை அடையாளம் காட்டும். நிறுவனங்கள் பணம் செலுத்தும். வனத்துறை மரம் நடும். கடன்மதிப்பு பணம் செலுத்தியவரின் கணக்கில் சேரும். நிதி திரட்டுவதற்கு இது புதிய வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நிலத்தில் இதுவரை ஆடு மேய்த்தோர், புல் அறுத்தோர், விறகு பொறுக்கியோர் இக்கணக்கில் எந்தப் பத்தியில் வருகின்றனர்?

நிலப் பாதுகாப்புத் திட்டங்களை ஆய்வு செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட தொகையையும், நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையையும் தொகுக்கின்றனர். அவற்றோடு இன்னொரு பட்டியலையும் தொகுப்பது நன்று: எதை யார் கைவிட்டனர், அதற்கு ஈடாக எந்த உரிமையைப் பெற்றனர், அவ்வுரிமை எத்தனை ஆண்டுகள் நீடித்தது. சிவாலிக் சரிவில் 1900ஆம் ஆண்டின் தடையால் நிகழாதது 1970களின் இறுதியில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அந்தப் பட்டியலே விளக்கும்.